கஜாவில் தோப்பு போச்சு, ஜனவரியில் அப்பாவும் போய்விட்டார். மறுபடி தென்னையே வைக்கலாமா?

கடைமடை
9 மார்ச் 2019, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு ஊர் பேராவூரணிப் பக்கம். பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர் தென்னை இருந்தது. நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையேறியதில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது. நின்ற மரங்களிலும் பாதிக்குக் குருத்து திருகிப்போய், ஒவ்வொன்றாகத் தலை காய்ந்துகொண்டு வருகிறது.

அப்பா ஜனவரியில் இறந்தார். மாரடைப்பு. புயல்தான் கொண்டுபோனது என்று ஊரில் சொல்கிறார்கள். அவருக்கு சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பல வருஷமாகவே உண்டு. அந்த ஆராய்ச்சிக்கு நான் இங்கே வரவில்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு ஷிப்யார்டில் சேஃப்டி வேலை பார்க்கிறேன். நீட்டிக் கேட்ட லீவு ஏப்ரலோடு முடிகிறது. அதற்குள் எதையாவது முடிவு செய்யச் சொல்லி வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அம்மா, "கன்று வாங்கி உடனே வையி, தோப்பைப் பார்க்காமல் அவர் போனதே போதும்" என்கிறார். தம்பி விற்றுவிடலாம் என்கிறான், அவனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கடை போட ஆசை. சித்தப்பா குத்தகைக்கு விடச் சொல்கிறார்.

நானும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இன்னும் ஐந்து வருஷம் சிங்கப்பூர், அப்புறம் ஊருக்கு வந்துவிடுவது, தோப்பு வருமானத்தில் வீட்டை இடித்துக் கட்டுவது. அது முழுக்க அப்பாவையும் மரங்களையும் நம்பிப் போட்ட கணக்கு. இப்போது எந்தப் பக்கம் யோசித்தாலும் அரை மணி நேரத்தில் மனசு அடுத்த பக்கம் சாய்ந்துவிடுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் நிறையக் கேட்டுவிட்டேன், கணக்காகச் சொன்னாலும் பரவாயில்லை.


ஓய்வுபெற்ற_வேளாண்
10 மார்ச் 2019, காலை 6.15

தம்பி, அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

வைப்பதா விற்பதா என்பது மெதுவாக நடக்கட்டும். விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவது மட்டும் காத்திருக்காது. காண்டாமிருக வண்டு மட்கிய தண்டிலும் எருக்குழியிலும்தான் முட்டையிடும். சிவப்புக் கூன்வண்டு காயம்பட்ட மரத்தை வாசனை பிடித்தே வந்துவிடும். இப்போது கிடக்கிற தண்டையெல்லாம் விட்டுவைத்தால் அடுத்த வருஷம் நட்ட கன்றின் குருத்தையும், பக்கத்துக்காரர் தோப்பில் தப்பி நிற்கிற மரத்தையும் சேர்த்துத் தின்னும். எருக்குழி இருந்தால், வண்டின் புழுவைக் கொல்லுகிற மெட்டாரைசியம் பூஞ்சாணம் வாங்கிக் கலந்துவிடுங்கள். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிந்த மரம் ஏதாவது இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். அது தஞ்சாவூர் வாடல் நோய். அந்த மரத்தின் தூரை வேரோடு எடுத்து எரிக்க வேண்டும், அதே குழியில் கன்று வைக்கக் கூடாது.

நிவாரணம் வந்துவிட்டதா? அரசு அறிவித்தது மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500. அப்பா பெயரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்று கேட்பார்கள், லீவு முடிவதற்குள் அதை வாங்கிவிடுங்கள்.

காப்பீடு செய்திருந்தாரா? 16 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு பிரீமியம் 14 ரூபாய்தான். மத்திய அரசும் மாநில அரசும் போக விவசாயி கட்டுவது கால் பங்கு, 3 ரூபாய் 50 காசு. மரம் போனால் 1,750. நான் வேலையில் இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது. "நிக்கிற மரத்துக்கு எதுக்கு சார் இன்சூரன்ஸ்" என்பார்கள்.


கடைமடை
10 மார்ச் 2019, பிற்பகல் 1.05

காப்பீடு இல்லை சார். நிவாரணத்தில் ஒரு பகுதி வந்திருக்கிறது, மீதிக்கு அலைகிறோம். தண்டுகளைச் செங்கல் சூளைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அறுத்து ஏற்றுகிற கூலி நம்முடையது. வாடல் விஷயம் கேட்டுச் சொல்கிறேன்.


திருப்பூர்_ராசா
10 மார்ச் 2019, இரவு 9.30

கணக்காகச் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சுற்றி வளைக்கவில்லை. விற்றுவிடுங்கள்.

நெட்டை ரகம் வைத்தால் காய்க்க ஆறு ஏழு வருஷம். நெட்டை குட்டை ஒட்டு வைத்தாலும் மூன்றரை, நாலு வருஷம். அதுவரை தண்ணீர், உரம், ஆள் கூலி எல்லாம் கைக்காசு. மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் இருப்பது சிங்கப்பூரில். இதெல்லாம் போகட்டும், அந்தக் கடற்கரையை 1952-ல் ஒரு புயல் அடித்தது, 77-ல் ஒன்று, இப்போது 2018. அறுபது வருஷம் நிற்கிற மரத்தை அங்கே வைத்தால் அதன் ஆயுளில் ஒரு பெரிய புயலாவது பார்த்தே தீரும். இது விவசாயமா, சூதாட்டமா?

இன்னொன்று. இந்த மாதிரி இழையில் யாராவது வந்து, நிச்சயமில்லாமைதான் வாழ்க்கை, அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதுவார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள். எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனிகளில் நோட்டுத்தடையில் ஒரு அடி, ஜிஎஸ்டியில் இன்னொரு அடி வாங்கி, ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்தவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.


சரசு_ஒரத்தநாடு
11 மார்ச் 2019, காலை 11.20

ராசா சார் சொல்வதில் கோபம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் கடைமடை தம்பி கேட்டது நிலத்தைப் பற்றி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் 2011-ல் சாலை விபத்தில் போனார். எங்களுக்கு உரக்கடை. கருமாதி முடிந்த கையோடு வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. கடையைக் கொடுத்துவிடு, மச்சினர் பெயருக்கு மாற்று, லைசென்ஸை யாருக்காவது எழுதிக் கொடு என்று. எங்கள் பெரியம்மா ஒன்றுதான் சொன்னார்: "வருஷம் திரும்புற வரைக்கும் திருப்பி வாங்க முடியாத எதுலயும் கையெழுத்து போடாத." நான் போடவில்லை. எல்லாவற்றையும் அப்படித் தள்ளிப்போட முடியவும் இல்லை. வங்கித் தவணைக்கு என் வீட்டு நிலவரம் தெரியாது, ஸ்டாக்குக்கும் தெரியாது. அதனால் காத்திருக்கக் கூடியது எது, கூடாதது எது என்று பிரித்து எழுதிவைத்துக்கொண்டேன். பிரித்துப் பார்த்தபோது உடனே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான் இருந்தன. அவசரம் என்று வந்தவற்றில் பெரும்பாலானவை மற்றவர்களின் அவசரம்.

இரண்டு வருஷம் கடையை அவர் நடத்தியபடியே நடத்தினேன். அதே கம்பெனி மூட்டை, அதே இடத்தில் கல்லா, அதே கடன் நோட்டு. அவருடைய கடைக்கு நான் வேலைக்கு இருந்த மாதிரி. அப்புறம் ஒரு நாள், பால் சொசைட்டிக்கு வருகிற பெண்கள் என்னிடம் தவிடும் புண்ணாக்கும் கேட்டுக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன். ஆம்பளைக் கடையில் நின்று பேரம் பேச அவர்களுக்குச் சங்கடம். என்னிடம் சங்கடமில்லை. இன்று என் கடையில் மாட்டுத் தீவனம்தான் பெரிய வியாபாரம், உரம் ஓரமாக இருக்கிறது. இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வாசலில் வந்து கேட்டார்கள், நான் வாங்கி வைத்தேன்.

தம்பி, அப்பா எதற்காகத் தென்னை வைத்தார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்களேன். "எப்பவும் தென்னைதான்" என்று பதில் வந்தால் விடாமல் மறுபடி கேளுங்கள்.


நாட்டு_மாடு
11 மார்ச் 2019, மாலை 4.00

நல்ல இழை. பின்தொடர்கிறேன்.


கடைமடை
13 மார்ச் 2019, இரவு 11.10

சரசு அக்கா, கேட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே முதலில் "எப்பவும் தென்னைதான்" என்றார். மறுபடி கேட்டதும் கதை வந்தது.

தாத்தா காலத்தில் அங்கே தென்னையே இல்லையாம். கொல்லையில் வீட்டுக்கு நாலு மரம், அவ்வளவுதான். மீதி நெல்லும் கடலையும். எங்களுக்குத் தண்ணீர் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர், நாங்கள் புது ஆறு என்போம். 1934-ல் மேட்டூர் அணையோடு வந்தது. நாங்கள் அதன் கடைசி. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்க வேண்டும் என்று பெயர், போன வருஷம் திறந்தது ஜூலை 19. திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிடும். இந்த ஓட்டம் பொறுக்காமல்தான் அப்பா கல்யாணமான புதிதில் போர்வெல் போட்டுத் தென்னை வைத்திருக்கிறார். தாத்தா ஒரு வருஷம் அவரோடு பேசவில்லையாம், "நெல்லு வெளஞ்ச மண்ணுல மட்டை பொறுக்கப் போறான்" என்று. அப்பா சொன்ன காரணம்: 45 நாளைக்கு ஒரு வெட்டு, மாசச் சம்பளம் மாதிரி, ஆற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

உறுதியான வருமானம் என்று நம்பித்தான் அவர் தென்னைக்கு வந்தார் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. பரம்பரைத் தோப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தலைமுறைக்கு முன் எடுத்த முடிவுதான், அதுவும் வீட்டை எதிர்த்து எடுத்தது.

வேளாண் சார், வடிந்த மரங்கள் இருந்தனவாம், தெற்கு மூலையில். தூர் எடுக்கப் பொக்லைன் சொல்லியிருக்கிறோம்.


திருப்பூர்_ராசா
14 மார்ச் 2019, காலை 8.45

பார்த்தீர்களா, உங்கள் அப்பாவே கணக்குப் பார்த்து மாறியவர். அவருக்கு அன்று நிலத்தை விட்டு வெளியேற வழி இருந்திருந்தால் வெளியேறியிருப்பார். உங்களுக்கு வழி இருக்கிறது.


சரசு_ஒரத்தநாடு
14 மார்ச் 2019, காலை 10.10

அவர் என்ன செய்திருப்பார் என்பது நமக்கு எப்படித் தெரியும் ராசா சார்? போனவர் வாயில் நம் விருப்பத்தை வைப்பது எல்லாப் பக்கமும் நடக்கிறது. "வைத்திருப்பார்" என்று அம்மா சொல்வதும் அதுதான், "விற்றிருப்பார்" என்று நீங்கள் சொல்வதும் அதுதான்.


மீன்பாடும்_தேனாடு
14 மார்ச் 2019, இரவு 8.20

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். உங்கள் புயல் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் கதைத்தது 78 சூறாவளியைத்தான். 1978 நவம்பர் 23. நான் அப்போது சின்னப் பிள்ளை. விடிந்து பார்த்தால் எங்கள் பக்கத் தென்னங்காணிகளில் பெரும்பாலானவை படுத்துக் கிடந்தன.

அப்பா அடுத்த மழைக்கே தென்னம்பிள்ளை வைத்தார். எல்லாரும் வைத்தார்கள். அவை காய்க்கத் தொடங்கிய நேரம் நாட்டில் பிரச்சினையும் முற்றிவிட்டது. கொஞ்சக் காலம் பறித்தோம். 1990-இல் காணியை விட்டுப் போனவர்கள், திரும்பிப் போக நெடுங்காலம் ஆனது. அதற்குள் அப்பா காலமாகிவிட்டார். சூறாவளிக்குப் பயந்து இருந்த மனுசன், அவர் பயப்படாத பக்கத்தால்தான் எல்லாம் வந்தது.

இதை நான் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தென்னை காய்க்காமல் நின்ற வருசங்களில் எங்களை வளர்த்தது இடையில் போட்ட மரவள்ளியும் கத்தரியும் நாலு ஆடும்தான். என் அக்காவின் படிப்புக்குப் போனது அந்தக் காசு. அப்பா அதை ஒரு தோட்டம் என்றே சொல்ல மாட்டார், "சும்மா ஊன்றி வைத்தது" என்பார். பெரிய மரம் வைக்கிறீர்களோ இல்லையோ, இந்த வருசம் சாப்பாடு தருவதை முதலில் ஊன்றுங்கோ. அம்மாவுக்குக் காலையில் எழும்பிப் போக ஒரு இடமும் வேண்டும்.


ஓய்வுபெற்ற_வேளாண்
15 மார்ச் 2019, காலை 6.00

மட்டக்களப்பு அம்மா சொன்னதற்கு என் ஓட்டு. 25 அடிக்கு ஒன்று என்று நட்டால் ஏக்கருக்கு 70 கன்றுதான். நடுவில் உள்ள நிலம் முதல் சில வருஷம் முழுக்க வெயில் பட்டுக்கொண்டு கிடக்கும். உளுந்து, கடலை, வாழை எதுவும் வரும். ஐந்தாறு வருஷத்தில் நிழல் கட்டிவிடும், அப்புறம் மரம் பெரிதாகி மறுபடி வெளிச்சம் இறங்கும்போது கோகோ, மிளகு பற்றி யோசிக்கலாம்.

கன்றையும் ஒரே ரகமாக வைக்காதீர்கள். ஒட்டு ரகம் சீக்கிரம் காய்க்கும், ஆனால் கவனிப்பு குறைந்தால் முதலில் சுணங்குவதும் அதுதான். நெட்டை தாமதமானாலும் வறட்சி தாங்கும். வேலியோரம் பனங்கொட்டை ஊன்றுங்கள். கஜாவில் தென்னை படுத்த வயல்களில் பனை நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். "தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்" என்பார்கள். பார்க்கவாவது ஏதாவது நிற்கட்டும்.


கடைமடை
21 ஏப்ரல் 2019, இரவு 9.50

நாளை மறுநாள் கிளம்புகிறேன். என்ன செய்தோம் என்று சொல்லாமல் போனால் நன்றாயிருக்காது.

விற்கவில்லை. முழுக்கத் தென்னையும் வைக்கவில்லை. ஆறு மாவுக்குத் தென்னை, பாதி ஒட்டு, பாதி நெட்டை, மழை பிடிக்கும்போது நடுவது என்று குழி மட்டும் எடுத்து ஆறப் போட்டிருக்கிறோம். மூன்று மா அம்மாவின் பொறுப்பு. அதில் என்ன போடுவது என்று நானோ தம்பியோ கேட்கக் கூடாது என்று பேச்சு. மீதி மூன்று மாவை மாமா மகன் மூன்று வருஷக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டான். அவனுக்கு அங்கே மரம் வைக்க அனுமதி இல்லை, பயிர் மட்டும்தான்.

தம்பியோடுதான் நிறைய நேரம் பேச வேண்டியிருந்தது. மூன்று வருஷம் கழித்து அவன் பங்கை விற்க நினைத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு அதில் வருத்தம். எனக்கு அதுதான் இந்த ஏற்பாட்டிலேயே முக்கியமானதாகப் பட்டது. அவன் காத்திருக்கச் சம்மதித்ததே, கதவு சாத்தப்படவில்லை என்பதால்தான்.

ராசா சார் இதைச் சப்பைக்கட்டு என்பார். இருக்கட்டும். எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எது தவறானால் அதிலிருந்து மீள முடியும் என்று மட்டும் பார்த்தோம்.


திருப்பூர்_ராசா
22 ஏப்ரல் 2019, காலை 7.30

சப்பைக்கட்டு என்று சொல்லவில்லை. தம்பிக்கு எழுதிக் கொடுத்தது நல்ல காரியம், எங்கள் குடும்பத்தில் அதை யாரும் செய்யாததால் இன்னும் கோர்ட்டில் நிற்கிறோம். நல்லபடியாகப் போய் வாருங்கள்.


நாட்டு_மாடு
6 ஜூலை 2025, மாலை 5.15

பழைய இழையைத் தட்டி எழுப்புகிறேன், மன்னிக்கவும். கடைமடை இன்னும் இங்கே வருகிறாரா? தேங்காய் விலையைப் பார்க்கும்போது உங்கள் ஞாபகம்தான் வந்தது.


கடைமடை
8 ஜூலை 2025, இரவு 10.05

வருகிறேன், எழுதுவதுதான் இல்லை.

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளையெல்லாம் பூட்டினார்களே, அதில் ஒன்றில் நானும் இருந்தேன். அறையிலேயே மாசக்கணக்கில். கஜாவைப் போல ஒன்று என்னைத் தேடி இங்கேயும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, பாதுகாப்பான பக்கம் என்று நினைத்து வந்த இடம் அது. கடன் அடைந்ததும் 2021 கடைசியில் ஊருக்கே வந்துவிட்டேன். ஐந்து வருஷக் கணக்கு இரண்டரை வருஷத்தில் முடிந்துபோனது.

தம்பி சொன்னபடி 2022-ல் அவன் பங்கை விற்றான். குத்தகைக்கு விட்ட மூன்று மாவும் கூடவே ஒரு துண்டும். விலை பேசிய அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கோயம்புத்தூர்க் கடை நன்றாக ஓடுகிறது, தீபாவளிக்கு எல்லாருக்கும் துணி எடுத்து வருகிறான்.

ஒட்டுத் தென்னை 2023-ல் பாளை தள்ளியது. அந்த வருஷம் பார்த்துத் தேங்காய் கேட்க ஆளில்லை. வெட்டுக் கூலியும் வண்டி வாடகையும் போக ஒன்றும் நிற்கவில்லை, கொப்பரைக் கொள்முதலுக்கு ஊர் ஊராகப் போராட்டம். இப்போது வியாபாரி காலையில் போன் பண்ணி நம் விலையைக் கேட்கிறார். ஆனால் வெள்ளை ஈ விழுந்து காய் குறைந்துவிட்டது! விலை இருக்கும்போது காய் இல்லை, காய் இருந்தபோது விலை இல்லை.

அம்மாவின் மூன்று மாவில் உளுந்து, எள், கொஞ்சம் செண்டிப் பூ. வாழை ஒரு முறை காற்றில் விழுந்தது, அதோடு வாழையை விட்டுவிட்டார். யாரையும் கேட்கவில்லை.

நான் சாப்பிடுவது தோப்பை மட்டும் நம்பி இல்லை. இந்தப் பக்கம் கயிறு ஆலைகளில் நார்க் குவியலில் தீப்பிடிப்பது அடிக்கடி நடக்கும். சிங்கப்பூரில் பார்த்த சேஃப்டி வேலை அங்கே உதவுகிறது. மெஷின், வயரிங், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்துச் சொல்கிறேன், சில ஆலைகள் மாசத்துக்கு ஒரு தொகை தருகின்றன. 2019-ல் இங்கே நாம் போட்ட எந்தக் கணக்கிலும் இது இல்லை.


சரசு_ஒரத்தநாடு
9 ஜூலை 2025, காலை 9.40

அம்மா எப்படி இருக்கிறார்கள்?


கடைமடை
9 ஜூலை 2025, பிற்பகல் 2.15

முழங்கால் வலி தவிர நன்றாக இருக்கிறார் அக்கா. அப்பா இருந்திருந்தால் என்று இப்போதும் ஆரம்பிப்பார், ஆனால் பெரும்பாலும் திட்டுவதற்குத்தான். எள்ளு போட விட்டிருக்க மாட்டாராம்.

வேளாண் சார் இருக்கிறீர்களா? வெள்ளை ஈக்கு மருந்துக்கடையில் ஏதோ ஒன்றைக் கொடுத்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?


ஓய்வுபெற்ற_வேளாண்
10 ஜூலை 2025, காலை 5.50

இருக்கிறேன், கண்தான் சரியில்லை, பேரன் தட்டச்சு செய்கிறான்.

அடிக்காதீர்கள். சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டியதிலிருந்து மருந்தை அடித்து அடித்துக் கெடுத்தவர்கள்தான் அதிகம். அதை அழிக்கிற என்கார்சியா குளவி நம் தோப்பிலேயே இருக்கும், மருந்து முதலில் அதைத்தான் கொல்லும். மஞ்சள் ஒட்டுப்பொறிக்கு விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டுங்கள். கீழ் மட்டைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். இலையில் கரும்பூஞ்சை படிந்திருந்தால் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் தெளித்தால் காய்ந்து உதிரும்போது பூஞ்சையையும் உரித்துக்கொண்டு வரும். மழை வருகிற மாதிரி இருந்தால் தெளிக்க வேண்டாம், கஞ்சி வீணாகிவிடும்.